தனியாக ஆய்வு செய்பவர்கள் நெல்லைப் பக்கம் எங்கே கூடுகிறீர்கள்?

குறுவை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மன்னார்குடிப் பக்கத்துப் பெண். கடந்த ஆடி மாதம் முதல் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் உள்ள ஓர் ஆய்வு மையத்தில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளராக இருக்கிறேன். கன்னடியன் கால்வாயிலிருந்து நீர் பெறும் குளங்களில், கார் சாகுபடிக்கும் பிசானத்துக்கும் இடையில் தண்ணீரின் தன்மை எப்படி மாறுகிறது என்பது என் தலைப்பு. குறுவை, சம்பா, தாளடி என்று கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தப் பருவங்களின் பெயர்கள் பழகவே இரண்டு மாதம் ஆயிற்று.

வேலையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. குளக்கரையில் இறங்கி, 300 மில்லி கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழி நுழையாமல் தண்ணீர் பிடித்து, அங்கேயே மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் விட்டு, மூடியை அழுத்திப் பிடித்துக் கவிழ்த்து நிமிர்த்தினால், ஆக்ஸிஜன் உள்ள தண்ணீரில் பழுப்பு நிறப் படிவு திரண்டு மெல்ல அடியில் இறங்கும். ஆக்ஸிஜன் இல்லாவிட்டால் படிவு வெள்ளையாகவே இருந்துவிடும். ஒரு நாள் அமலைச்செடி மண்டிய ஒரு குளத்தின் மூலையில் எடுத்த குப்பி வெள்ளையாக நின்றது. (எங்கள் ஊரில் அதை ஆகாயத்தாமரை என்போம்.) பத்தடி தள்ளி, செடி இல்லாத இடத்தில் எடுத்த குப்பி பழுப்பாயிற்று. இரண்டையும் இரு கைகளில் வைத்துக்கொண்டு, யாரிடமாவது காட்ட வேண்டும் என்று தவித்தேன். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் இருந்தார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “அந்த மூலைல மீனு வாயப் பொளந்துகிட்டு மேல வரும்லா” என்று சொல்லிவிட்டுப் போனார். என் முதல் அத்தியாயத்தில் நான் ஒரு பக்கம் எழுதிச் சொல்ல முயன்றது அந்த ஒரு வரிதான்.

மையத்துக்குத் திரும்பினால் அதைப் பேச ஆள் இல்லை. என் நெறியாளர் நல்லவர். ஆனால் வகுப்புகளும் கூட்டங்களும் போக எனக்கு அவர் தரக்கூடியது வாரத்தில் அரை மணி நேரம். என்னோடு பதிவு செய்த மற்ற மூவரும் பகுதிநேர ஆய்வாளர்கள் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குழுக் கூட்டத்தன்று மட்டும் கண்ணில் படுகிறார்கள். மாலை ஐந்து மணிக்குப் பிறகு காவலாளியும் நானும்தான். வாடகைக்கு இருக்கும் வீட்டு ஆச்சியிடம் நான் ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னபோது, “எந்த ரக நெல்லு?” என்று கேட்டார். 1937 முதல் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊரில், அம்பை 16 அரிசியில் இட்லிக்கு அரைக்கிறவர், வேறு எப்படிக் கேட்பார்?

நான் அறிய விரும்புவது இதுதான். இந்த வட்டாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்கள் ஒருவரையொருவர் எங்கே, எப்படிச் சந்திக்கிறீர்கள்? பாளையங்கோட்டைக்குக் குடிபெயர்ந்தால் இந்தத் தனிமை தீருமா, அல்லது குளங்களை விட்டு விலகியதுதான் மிச்சமாகுமா? வாட்ஸ்அப் குழுக்கள் ஆறேழில் சேர்ந்து பார்த்துவிட்டேன். அவற்றில் கருத்தரங்க அறிவிப்புகளும் காலை வணக்கங்களும் மட்டுமே வருகின்றன.

பொருநைக்கரை எழுதியது:

வணக்கம் தங்கச்சி. உங்கள் இரண்டு குப்பிகளைப் படித்தவுடன் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் நாட்டார் வழக்காற்றியலில், வில்லுப்பாட்டைப் பற்றி ஆய்வு செய்து பட்டம் பெற்று, இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன்.

உங்கள் தனிமைக்குப் பாதிக் காரணம் நம் வட்டாரத்தின் அமைப்பு. 1990ஆம் ஆண்டில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தொடங்கப்படும் வரை நெல்லை, தூத்துக்குடி, குமரிக் கல்லூரிகள் எல்லாம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. ஆய்வேட்டைக் கையளிக்கவும் வாய்மொழித் தேர்வுக்கும் மதுரைக்குப் பேருந்து ஏறியவர்களே எங்கள் ஆசிரியர்கள். பல்கலைக்கழகம் வந்த பிறகும் ஆய்வு ஒரே வளாகத்துக்குள் வந்து சேரவில்லை. தலைமை வளாகம் தென்காசிச் சாலையில் அபிஷேகப்பட்டியில், சுற்றுச்சூழல் அறிவியல் மையம் ஆழ்வார்குறிச்சியில், கடல்சார் மையம் குமரி மாவட்டத்து இராஜாக்கமங்கலத்தில் இருக்கின்றன. இவை போக, 1878இல் தொடங்கிய தூய யோவான் கல்லூரி, 1895இன் சாரா தக்கர் கல்லூரி, 1923இன் தூய சவேரியார் கல்லூரி என்று பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் ஆய்வுத் துறைகள். கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி. தூத்துக்குடியில் மீன்வளக் கல்லூரி. மலையடிவாரத்திலிருந்து கடற்கரை வரை ஆற்றின் நீளத்துக்கு ஆய்வாளர்கள் சிதறிக் கிடக்கிறோம். ஒரே விடுதியில் இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டிப் பேசும் வாழ்க்கை இங்கே தானாக அமைவதில்லை. பாளையங்கோட்டையில் குடியிருந்தும் தனியாகவே ஆய்வை முடித்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஆகவே குடிபெயர்வதால் மட்டும் தீராது என்பது என் கருத்து.

எங்களுக்கு உதவியது ஒரு மேசை. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, பாளையங்கோட்டைப் பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு தேநீர்க்கடையின் பின்கட்டு. முதலில் நால்வர் இருந்தோம்: நான், விலங்கியலில் ஒருவர், பொருளியலில் ஒருவர், வரலாற்றில் ஒருவர். ஒவ்வொரு வாரமும் ஒருவர் தாம் எழுதியதில் இரண்டே பக்கத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும்; மற்றவர்கள் பாராட்டக் கூடாது, கேள்விதான் கேட்க வேண்டும். நெறியாளர்களைப் பற்றிப் புலம்புவதற்குக் கடைசிப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தோம். அந்தப் பத்து நிமிடம் பெரும்பாலும் முக்கால் மணி நேரமாக நீண்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வேறு வேறு துறையினர் உட்கார்ந்து என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மாலை விலங்கியல் நண்பர், “குளத்தில் காலை ஆறரை முதல் எட்டரை வரை நீர்ப்பறவைகள் கணக்கெடுக்கப்பட்டன” என்று வாசித்தார். வில்லுப்பாட்டுக் கலைஞர்களிடம் பதிவுக்கருவியை நீட்டிப் பழகிய எனக்கு, எந்தத் தகவலையும் யார் சொன்னது, எங்கே உட்கார்ந்து சொன்னது என்று கேட்டே பழக்கம். “யார் எண்ணினார்கள், எந்தக் கரையில் நின்று?” என்று கேட்டேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு குறிப்பேட்டைப் புரட்டினார். மழைக்காலத்தில் கிழக்குக் கரையில் சேறு என்பதால் மேற்குக் கரையில் நின்று, எழும் சூரியனுக்கு முகம் காட்டி எண்ணியிருக்கிறார். மற்ற மாதங்களில் கிழக்குக் கரையில், சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு எண்ணியிருக்கிறார். கண்கூசும் வெளிச்சத்தில் உள்ளான் வகைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாது. மழைக்காலத்தில் சில உள்ளான்கள் குறைகின்றன என்று அவர் எழுதி வைத்திருந்த முடிவின் ஒரு பகுதி பறவைகளைப் பற்றியதாக இல்லாமல், அவர் நின்ற கரையைப் பற்றியதாக இருந்தது. அடுத்த ஆண்டு முழுவதும் ஒரே கரையில் நின்று திரும்ப எண்ணினார். அவருடைய துறையில் அதை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் ‘கணக்கெடுக்கப்பட்டன’ என்பது அங்கே எல்லோரும் எழுதும் சொல்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரைமீறி ஊருக்குள் வந்தது. பொருளியல் நண்பர் வண்ணார்பேட்டையில் தரைத்தளத்து அறையில் இருந்தார். கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த கள ஆய்வு வினாப்படிவங்கள் இரண்டு நாள் தண்ணீரில் ஊறின. தண்ணீர் வடிந்ததும் மேசைக்காரர்கள் எல்லோருமாக அவற்றை எடுத்துக்கொண்டுபோய் ஒரு மாடியில் கொடி கட்டி, ஒவ்வொரு தாளாகத் துணிக்கிளிப்பு மாட்டி உலர்த்தி, கைபேசியில் படம் எடுத்தோம். பால்பாயின்ட் பேனாவால் எழுதியவை அப்படியே இருந்தன. ஜெல் பேனாவால் எழுதியவை நீலக் கறையாகிவிட்டன. இன்றும் நான் என் மாணவர்களுக்குச் சொல்லும் முதல் ஆய்வு நெறிமுறை, கள ஏட்டில் ஜெல் பேனாவைத் தொடாதே என்பதுதான்.

ஆட்கள் குறைவாக இருந்தாலும் நாளும் நேரமும் மாறாமல் இருந்ததுதான் எங்கள் மேசை நான்கு ஆண்டு நீடித்ததற்குக் காரணம். சித்திரையில் கொடை விழாக்களுக்காக நான் இரவெல்லாம் கோயில் கோயிலாக அலைந்த வாரங்களில்கூட மற்றவர்கள் கூடினார்கள். ‘வசதிப்படும்போது சந்திப்போம்’ என்று வைத்துக்கொண்டிருந்தால் இரண்டாம் மாதமே கலைந்திருக்கும்.

தேரிமணல் எழுதியது:

பொருநைக்கரை அண்ணாச்சி எழுதியதை மதிக்கிறேன். ஆனால் தேநீர்க்கடை மேசைக்குப் போவதற்கும் கையில் பேருந்துக் காசு வேண்டும் என்பதை யாரும் பேசவில்லையே.

தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகையோடு தேறியவருக்கு 2023 சனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டுகளில் மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப்படி தனியாகவும் கிடைக்கின்றன. அது இல்லாதவர்களுக்கு மத்தியப் பல்கலைக்கழகமாக இருந்தால் மாதம் 8,000 ரூபாயாவது உண்டு; நம்மைப் போல மாநிலப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்தவர்களுக்கு அதுவும் இல்லை. ஆதிதிராவிடர், பழங்குடி முழுநேர ஆய்வாளர்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வழங்குகிறது. நான் அதில்தான் படித்தேன், நன்றியோடு சொல்கிறேன். ஆனாலும் அதை 12ஆல் வகுத்துப் பார்த்தால் மாதத்துக்கு எட்டாயிரத்துச் சொச்சம்தான் வருகிறது. ஒரே ஆய்வகத்தில், ஒரே பெஞ்சில், ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவருக்கு 37,000, மற்றவருக்கு ஒன்றுமில்லை. இந்த நிலையில் ‘சமூகம்’ உருவாவது எவ்வளவு கடினம் என்பதை அந்த ஒன்றுமில்லாதவர்தான் அறிவார். எல்லோருமாகச் சாப்பிடப் போகும்போது எனக்கு எப்போதும் வயிறு சரியில்லாமல் இருக்கும். மூன்று ஆண்டுகள் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன்.

உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கும் நிம்மதி கிடையாது. ஒவ்வொரு மாதமும் நிறுவனத்தில் ஓர் அலுவலர் இணையத்தில் அவர்கள் பெயரைப் பதிவு செய்து, இன்னொருவர் அதற்கு ஒப்புதல் அளித்தால்தான் வங்கிக் கணக்கில் பணம் விழும். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் ஒப்புதல் அளிக்க வேண்டியவர் மாறுதலாகிப் போக, புதியவருக்குக் கடவுச்சொல் வந்து சேரும் வரை மூன்று மாதப் பணம் நின்றது. அந்த மூன்று மாதத்தில் அங்கிருந்த ஆய்வாளர்கள் ஒன்றாகக் கூடினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது எவரும் சத்தமாக வாசித்த இரண்டு பக்கத்துக்காக அல்ல. ஒருவருடைய வாடகையை இன்னொருவர் கொடுத்தார், கைக்குழந்தை இருந்த ஒருவருக்கு எல்லோருமாகச் சேர்ந்து பால்பொடி வாங்கினார்கள், ஏழு பேர் கையெழுத்திட்ட ஒரே மனுவை எடுத்துக்கொண்டு ஏழு பேருமாகப் போய் அலுவலகத்தில் நின்றார்கள். தனித்தனியாகப் போனபோது ‘நாளை வாருங்கள்’ என்றவர்கள், சேர்ந்து போன அன்று நாற்காலி போட்டார்கள்.

ஆகவே குறுவை, உங்கள் மையத்தில் இருக்கும் அந்த மூன்று பகுதிநேர ஆய்வாளர்களின் எண்களை முதலில் வாங்கி வையுங்கள். கவிதை பேச அவர்கள் வர மாட்டார்கள். மனுவில் கையெழுத்துப் போட வருவார்கள். மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்தால் வாடகைக்கு ஆகும். அதற்கு வெட்கப்படவும் வேண்டாம்.

பாசஞ்சர்வண்டி எழுதியது:

நான் அந்தப் ‘பகுதிநேர ஆய்வாளர்’ கூட்டத்தைச் சேர்ந்தவள். கூட்டத்தன்று மட்டும் கண்ணில் படுகிறவர்களின் பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை, வீடு பாளையங்கோட்டையில். பணியிடத்தில் தடையின்மைச் சான்று வாங்கிப் பகுதிநேரமாகப் பதிவு செய்தேன். இரண்டு பிள்ளைகள். சனிக்கிழமை மாலை நான்கு மணி, தேநீர்க்கடையின் பின்கட்டு என்று படித்தபோது பொருநைக்கரை அண்ணாச்சி மீது எனக்குச் சற்றே கோபம்கூட வந்தது. அந்த நேரத்தில் நானோ என்னைப் போன்றவர்களோ எங்கே இருப்போம் என்று அந்த மேசையில் நான்கு ஆண்டுகளில் எவருக்கும் தோன்றவில்லையா? கடையின் பின்கட்டில் ஆண்கள் நால்வரோடு உட்கார்ந்து ஆய்வேட்டை வாசித்தால், மறுநாள் எங்கள் தெருவில் என் ஆய்வேட்டைப் பற்றியா பேசுவார்கள்?

எங்களுக்கு வாய்த்த இடம் திருச்செந்தூர் பாசஞ்சர் வண்டி. திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். நான் பாளையங்கோட்டையில் ஏறுவேன், செய்துங்கநல்லூரில் ஒருவர் ஏறுவார், ஸ்ரீவைகுண்டத்தில் இன்னொருவர். மூவரும் ஆசிரியைகள், மூவரும் ஆய்வாளர்கள். ஒருவர் கணிதம், ஒருவர் தமிழ், நான் வணிகவியல். ஒருவர் ஆய்வில் மற்றவருக்கு அரிச்சுவடியும் தெரியாது. ஆனாலும் வண்டி நாசரேத் நிலையத்தைத் தொடுவதற்குள் ஒரு பக்கத்தைத் திருத்திவிட வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். வண்டி குலுங்குவதால் திருத்தங்கள் கோணல்மாணலாக இருக்கும். என் நெறியாளர் ஒருமுறை, “இது யார் கையெழுத்து, மருத்துவர் யாரிடமாவது கொடுத்தீர்களா?” என்று கேட்டார். டிசம்பர் வெள்ளத்தில் தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்துப்போய்ச் சில வாரங்கள் வண்டி ஓடாதபோது கைபேசியில் பேசி அதே வேலையைச் செய்யப் பார்த்தோம். வீட்டுக்குள் அந்த ஒன்றரை மணி நேரம் கிடைக்கவில்லை. ஒரு பக்கம்கூட நகரவில்லை. வண்டி மீண்டும் ஓடத் தொடங்கிய அன்று கணித ஆசிரியை ஒரு டப்பா நிறைய அதிரசம் கொண்டுவந்தார்.

குறுவைக்கு ஒரு செய்தி. 2022ஆம் ஆண்டு பல்கலைக்கழக மானியக்குழு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்கான கால அளவு குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டுத் தளர்வு உண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கென்று மொத்தம் 240 நாள் விடுப்பும் உண்டு. இதை எனக்கு அலுவலகத்தில் எவரும் சொல்லவில்லை. செய்துங்கநல்லூர்த் தோழிதான் சொன்னார். அதற்குள் நான் பதிவை ரத்து செய்யக் கடிதமே எழுதி வைத்திருந்தேன்.

உங்கள் மையத்தின் பகுதிநேர ஆய்வாளர்கள் மூவரில் பெண் யாராவது இருந்தால், கூட்டம் முடிந்து அவர் வெளியே வரும்போது கூடவே பேருந்து நிறுத்தம் வரை நடந்துபோங்கள். எங்களுக்குப் பேச நேரம் கிடைப்பது அங்கேதான்.

காந்தஊசி எழுதியது:

சுருக்கமாக எழுதுகிறேன். நான் மேல்வளிமண்டல இயற்பியலில் ஆய்வு செய்தவன். திருநெல்வேலியை ஒட்டிய கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பது உள்ளூரிலேயே பலருக்குத் தெரியாது. புவிகாந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடி வழியே போவதால், ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் ஓடும் ஒரு மின்னோட்டத்தை அளப்பதற்கு நாட்டிலேயே பொருத்தமான இடம் இது. ஆனால் இங்கே பதிவாகும் புவிகாந்தப் புலத்தின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மின்னோட்டத்தின் வலிமையைச் சொல்லிவிட முடியாது. அதன் எல்லைக்கு வெளியே, மும்பைக்குத் தெற்கே அலிபாக்கில் பதிவாகும் எண்ணை இதிலிருந்து கழிக்க வேண்டும். நாங்கள் அன்றாடம் செய்யும் கழித்தல் அது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கருவி இருக்கும் இடத்தில் ஆட்கள் மிகக் குறைவாக இருப்பது எங்கள் துறையின் இயல்பு. என் ஆய்வுத் தோழர் இருந்தது ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். ஐந்து ஆண்டுகளில் அவரை இரண்டே முறை நேரில் பார்த்தேன். ஆனால் தினமும் அவருடைய எண் எனக்குத் தேவைப்பட்டது, என் எண் அவருக்குத் தேவைப்பட்டது. குறுவை, உங்கள் குளத்துத் தரவு யாருக்குத் தேவைப்படும் என்று தேடிப் பாருங்கள். மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் ஆண்டுதோறும் சனவரியில் தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறது. தன்னார்வலர்கள் குழுக் குழுவாகப் பிரிந்து குளம் குளமாகப் போவார்கள். நீங்கள் தண்ணீர் எடுக்கும் குளங்களில் சிலவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் பறவை எண்ணிக்கை இருக்க வாய்ப்பு உண்டு. அவர்களிடம் பறவை இருக்கிறது, உங்களிடம் ஆக்ஸிஜன் இருக்கிறது. பேச்சு தானாக வரும். கடனாநதி வந்து கலக்கும் திருப்புடைமருதூரில், 2005இல் பறவைகள் காப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட அந்த மருதமரத் தோப்பில் ஒரு விடியற்காலை நின்று பாருங்கள். எனக்கு நாரைக்கும் கொக்குக்கும் வேறுபாடு தெரியாது. ஆனாலும் மூன்று முறை போயிருக்கிறேன்.

பொருநைக்கரை எழுதியது:

பாசஞ்சர்வண்டி அக்கா கேட்டது நியாயமான கேள்வி. நேர்மையான பதில், தோன்றவில்லை என்பதுதான். எங்கள் மேசைக்கு இரண்டாம் ஆண்டில் ஒரு பெண் ஆய்வாளர் ஒரே ஒருமுறை வந்தார். அடுத்த வாரம் வரவில்லை. அவருக்கு ஆர்வமில்லை என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். எந்தக் கரையில் நின்று எண்ணினாய் என்று நண்பரைக் கேட்ட நான், அதை என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது என்னிடம் நான்கு ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், அவர்களில் மூவர் பெண்கள். அவர்கள் கூடுவது சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில். வாசிப்பறையில் பேசக் கூடாது என்பதால் முன்னால் மரத்தடிக்கு வந்துவிடுகிறார்கள். பன்னிரண்டரைக்கு முடித்துவிடுவார்கள். வேறு துறையினர் வந்தால் மகிழ்ச்சி அடைவார்கள். நான் அங்கே இருக்க மாட்டேன்; நெறியாளர் இருந்தால் எந்த மேசையும் செத்துவிடும்.

தேரிமணல் தம்பிக்கு: வயிறு சரியில்லை என்று எங்கள் மேசையிலும் ஒருவர் சொல்வதுண்டு. நான்காவது தேநீருக்கு யார் காசு கொடுப்பது என்ற பேச்சு வராமல் இருக்க, மாத முதலில் உதவித்தொகை வாங்கும் இருவர் கடைக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுவது என்று மாற்றினோம். அதைச் செய்ய எங்களுக்கு ஒன்றரை ஆண்டு ஆனது.

குறுவை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பேர் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

முந்தாநாள் எங்கள் மையத்தில் ஆய்வுக்குழுக் கூட்டம் நடந்தது. பகுதிநேர ஆய்வாளர்களில் ஒருவர் கடையத்தில் பள்ளி ஆசிரியை. கூட்டம் முடிந்ததும் அக்கா சொன்னபடி அவரோடு பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன். இருபது நிமிடம் பேருந்து வரவில்லை. அவர் பாசிகளைப் பற்றி ஆய்வு செய்கிறார். நுண்ணோக்கியில் பார்த்து வரைந்த படங்கள் கைப்பையில் இருந்தன, ஆனால் அவற்றை எடுத்த நாள்களில் அந்தக் குளத்தின் ஆக்ஸிஜன் அளவு அவரிடம் இல்லை. இரண்டு குளங்கள் எங்கள் இருவருக்கும் பொது. நான் வெள்ளைக் குப்பியைப் பற்றிச் சொன்னதும் பேருந்தை விட்டுவிட்டார். அடுத்த வண்டிக்கு இன்னும் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றோம்.

குடிபெயரும் எண்ணத்தை விட்டுவிட்டேன். அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் பாசஞ்சர் வண்டி இருப்பதால், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை நூலகத்துக்கு வர முடியும் என்று நினைக்கிறேன். பொருநைக்கரை அண்ணன், உங்கள் மாணவிகளிடம் சொல்லி வைக்க முடியுமா? இரண்டு பக்கத்தைத் தமிழில் கொண்டுவரலாமா, அல்லது ஆய்வேடு இருக்கும் ஆங்கிலத்திலேயே வாசிக்க வேண்டுமா?

பொருநைக்கரை எழுதியது:

சொல்லிவிட்டேன், இந்தச் சனிக்கிழமையே எதிர்பார்க்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லுங்கள். சொல்ல வராத இடத்தை அடிக்கோடிட்டு வையுங்கள். தாளில் மூன்று படி எடுத்து வந்தால் போதும். ஆடு மேய்த்த பெரியவர் சொன்ன வரியையும் எழுதி வாருங்கள், அவர் சொன்ன சொல்லிலேயே. எந்த ஊர், எந்தக் குளம், என்ன தேதி என்று பக்கத்தில் குறித்து, பால்பாயின்ட் பேனாவில்.